தொடாத ஸட்ஜம்

மாணவனைப் பார்த்து 'சூப்பர்' என்று சொல்லும் பாட்டு வாத்தியாரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டு என்ன பாயசமா, ஒரு வாய் வைத்ததும் சூப்பர் என்று சொல்ல? என்னிடம் இருப்பது மூன்றே பதில்கள். 'ம்ஹூம்.' 'இன்னொரு தடவை.' 'அடுத்த வரி.' மூன்றாவதைக் கேட்க என் மாணவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்கு விழுந்த செருப்படியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கயற்கண்ணி. மதுரை. நாதக்கூடம் என்ற இணையப் பள்ளியில் நாலு வருஷமாகக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி அனுப்பிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாற்பத்து மூன்று மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரையில் வருவார்கள். நான் தினமும் பாடிப் பழகும் சாதகமும் அதே ஹெட்போனில்தான். அடுக்குமாடி வீடு. நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். அதனால் குரலை அடக்கிப் பாடி, ஹெட்போனில் பெரிதாகக் கேட்டுக்கொள்வது பழகிவிட்டது. கச்சேரி எல்லாம் நின்று போயிற்று. போன மாசியில் கடைசியாக ஒரு சபாவில் பாடினேன். முடிந்ததும் பதினொரு பேர் வரிசையாக வந்து 'பிரமாதம்' என்றார்கள். அதன் பிறகு ஒரு சபாவும் கூப்பிடவில்லை. சங்கீத உலகத்து அரசியல் என்று நாலு பேரைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

என் மாணவர்களில் மூத்தவர் இமானுவேல் மச்சாது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பத்து மூன்று வயது, என்னைவிடப் பதினான்கு வயது பெரியவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் டீச்சர் என்பார். முதல் வகுப்பில் பாட்டைத் தொடங்கும் முன்பே ஒரு விஷயம் சொன்னார்.

"டீச்சர், எனக்கு இருபத்தஞ்சு வயசுல கோயில் பாடகர் குழுவுல பாடிக்கிட்டிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், சனம் கலையறதுக்கு முன்னால, குழுத் தலைவர் என்னைப் பாத்து 'உனக்குச் சுருதியே இல்லடே, நீ நாளையிலேர்ந்து வராத'ன்னுட்டாரு. ஊரே சிரிச்சுது. அதுக்கு அப்புறம் நான் கோயில்ல வாயே தொறக்கல. பாடாம சாவக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வந்திருக்கேன். தப்புன்னா முகத்துக்கு நேரா சொல்லிருங்க. இன்னொரு தடவை ஊருக்கு முன்னால அசிங்கப்பட என்னால ஏலாது."

"சொல்லுவேன் அண்ணாச்சி. எனக்கு மழுப்பத் தெரியாது" என்றேன். சத்தியம் செய்தது போலத்தான்.

அவர் குரலில் ஒரே குறை. கீழே எல்லாம் சுத்தமாக இருக்கும். மேல் ஸட்ஜத்துக்கு, அந்த உச்சி 'ஸா'வுக்குப் போனால் ஒரு மயிரிழை குறைந்து நிற்கும். கேட்கிறவனுக்குப் பல் கூசும். இரண்டு வருஷம் வாராவாரம் அதையே சொன்னேன். 'தொடல அண்ணாச்சி. ம்ஹூம். தொடல.' அவர் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொள்வார். இந்த மனுஷனுக்குத் தோல் கெட்டிதான் என்று வியந்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் ஒரு நாள் திடீரென்று தொட்டுவிட்டார். அன்றிலிருந்து சறுக்கவே இல்லை. என் வாத்தியார்த்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் கோயிலின் நூற்றாண்டு விழா வந்தது. புதிதாக எழுதிய ஒரு கீர்த்தனையை அவர் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. 'அலைமேல் விளக்கே, எனை அழைத்திட வா' என்று பல்லவி. 'விளக்கே' என்ற இடத்தில் மேல் ஸட்ஜம். நேரில் கேட்டுவிடலாம் என்று இரண்டு நாள் முன்னதாகவே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். நாலு வருஷத்தில் நாங்கள் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை.

காலை பத்து மணி. அவர் மனைவி மெர்சலின் மீன் வறுவல் வாசனையோடு வந்து வரவேற்றார். காபி குடித்துவிட்டு முன்னறையில் சுருதிப் பெட்டியைப் போட்டோம். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். 'அலைமேல்' நன்றாக வந்தது. 'விளக்கே' வந்தது.

நான் தாளத்தை நிறுத்தினேன்.

மயிரிழை எல்லாம் இல்லை, ஒரு விரற்கடை குறைவு. திரும்பப் பாடச் சொன்னேன். அதே இடம், அதே குறை. நாலு முறை கேட்டேன். ஒரு தடவைகூடத் தொடவில்லை.

"அண்ணாச்சி, என்ன இது? மேல் ஸட்ஜம் பழைய மாதிரி விழுந்துருச்சே! ரெண்டு வருஷம் தொண்டை கிழியச் சொல்லித்தானே சரி பண்ணினோம்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எப்ப டீச்சர் சொன்னிய?"

"எப்பவா? வாராவாரம்!"

"இல்லயே டீச்சர். நீங்க ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லயே."

எனக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பயம் வந்தது. தன் போனில் வகுப்புகளின் பதிவு எல்லாம் இருக்கிறது என்று எடுத்துப் போட்டார். முதல் வருஷத்துப் பதிவு. அவர் பாடி முடிக்கிறார். அடுத்து என் குரல். சந்தேகமே இல்லை, என் குரல்தான், என் மதுரை இழுப்பு, நான் பேச்சுக்கு நடுவில் செருமுகிற செருமல்கூட இருந்தது.

'ஆஹா, அருமை அண்ணாச்சி! மேல் ஸட்ஜத்துல உங்க தனித்தன்மை அழகாத் தெரியுது. அதுக்கு இன்னும் கொஞ்சம் ஒளி சேர்த்துப் பாருங்களேன்!'

ஒளி சேர்ப்பதாம். நான் செத்தாலும் அப்படிப் பேச மாட்டேன். அடுத்த பதிவு: 'உங்க பயணத்தை நினைச்சாப் பெருமையா இருக்கு.' அதற்கடுத்தது: 'நீங்க பாடும்போது என் மனசு லேசாகுது.' ஒவ்வொன்றும் என் வாயால். என் உடம்பை யாரோ எடுத்து உடுத்திக்கொண்டு ஊரெல்லாம் பல்லிளித்துவிட்டு வந்த மாதிரி அருவருப்பாக இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மெர்சலின் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு வருசமா விடியக்காலம் எந்திரிச்சுப் பாடுதாரு டீச்சர். அருமை அருமைன்னு சொல்லிப்போட்டு, நாளன்னைக்கு விழாவ வச்சுக்கிட்டு இப்ப வந்து விழுந்துருச்சுன்னா, நாங்க எங்க போய்ச் சொல்ல?"

நாதக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஆசிரியர் உறவுப் பிரிவில் நிவேதன் என்று ஒரு பையன். குரலில் தேன் வழிந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"மேம், அது எங்களோட 'இதம்' வசதி மேம். நீங்க சொல்ற கருத்து மாணவருக்கு அப்படியே போயிடும். அதோட கசப்பு மட்டும் போகாது."

"தொடலைன்னு சொன்னேன். ஒளி சேருங்கன்னு போயிருக்கு. இது எந்த ஊர்க் கருத்து?"

"மூணு தடவை தப்புன்னு கேட்டா பத்துல ஏழு பேர் படிப்பை விட்டுடறாங்க மேம். ஆய்வு இருக்கு. இமானுவேல் சார் நாலு வருஷம் தொடர்ந்து படிக்கிறாருன்னா அதுக்குக் காரணம் இதம்தான்."

"என் குரல்ல, நான் சொல்லாததை, என்னைக் கேக்காம சொல்லியிருக்கீங்க."

"கேட்டோம் மேம். சம்மதப் பத்திரம், பதினோராம் பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டிருப்பேன். பதினோரு பக்கம் யார் படிக்கிறார்கள்?

"சரி. ரெண்டு வருஷமா இவர் பாட்டு எனக்குச் சுத்தமாக் கேட்டுச்சே, அது எப்படி?"

"அது ஆசிரியர் நலம் மேம்." பையனுக்கு உற்சாகம் கூடிவிட்டது. "தப்பையே கேட்டுக்கிட்டிருந்தா ஆசிரியர்களும் சோர்ந்து போறாங்க. அதனால ரெண்டு வருஷம் முன்னாடி இதத்தை, குரல் போற வர்ற எல்லாப் பாதையிலயும் விட்டுட்டோம். யார் காதுக்கும் எதுவும் உறுத்தாது. புகார் பாதியாக் குறைஞ்சிடுச்சு."

"அவருக்கு நாளன்னைக்கு ஊருக்கு முன்னால பாட்டு இருக்கு, தெரியுமா?"

"அடடே! எங்க வாழ்த்தைச் சொல்லிடுங்க மேம்."

"அந்த இதத்தை நிறுத்தித் தொலைக்க முடியுமா முடியாதா?"

"நேர்ல பாடினா இதம் வேலை செய்யாது மேம். அதனாலதான் நாங்க நேர்ல பாடறதைப் பரிந்துரைக்கிறதில்ல."

போனை வைத்தேன். வைத்த பிறகும் காதில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. இவன்களைச் சொல்லி என்ன, அவர் திடீரென்று தேறியபோது எப்படி என்று நான் ஒரு கேள்வி கேட்டேனா? என் சாமர்த்தியம் என்று மார்தட்டிக்கொண்டேன். எனக்கு என்மேலும் அருவருப்பு வந்தது.

அண்ணாச்சி சுருதிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்வையை எடுக்காமலே கேட்டார்.

"டீச்சர், அன்னைக்கு நான் கேட்டேன், தப்புன்னா முகத்துக்கு நேரா சொல்லணும்னு. இப்ப சொல்லுங்க. நான் பாடலாமா, வேண்டாமா? வேண்டாம்னா இப்பவே ஃபாதர்கிட்டப் போய்ச் சொல்லிருதேன்."

"இன்னைக்குப் பாடினா அசிங்கப்படுவீங்க" என்றேன். மெர்சலின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "ஆனா ரெண்டு நாள் இருக்கு. சுருதி இல்லாதவன் இப்படிக் கீழ்ஸ்வரம் பாட மாட்டான். எங்கேயோ ஒரே ஒரு இடத்துல மாட்டுது. அது என்னன்னு பாப்போம். திரும்பப் பாடுங்க."

பாடினார். இந்தத் தடவை நான் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தேன். திரையில் நாலு வருஷமாக அவர் முகம் மட்டும்தான் தெரியும். இப்போது முழு ஆளும் எதிரே இருந்தார். வலது கை தாளம் போட்டது. இடது கை முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. 'விளக்கே' வந்ததும் அந்தக் கை முழங்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, குரல் அடைத்துக்கொண்டு கீழேயே நின்றது.

"அண்ணாச்சி, கிரேன்ல பாரத்தை மேல தூக்க என்ன செய்வீங்க?"

"இடது கைல லீவர் இருக்கும். அதைப் பின்னால இழுக்கணும்."

"அதைத்தான் செய்யறீங்க. ஸட்ஜத்தைக் கிரேன் வச்சுத் தூக்கறீங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். முதலில் மெர்சலின் சிரித்தார், பிறகு அவர். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. ஒரு காலையில் கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயத்துக்கு நாலு வருஷம் போயிருக்கிறது.

சுருதியை ஒரு கட்டை இறக்கினேன். இடது உள்ளங்கையை மல்லாக்க விரித்து மடியில் வைக்கச் சொன்னேன். நானும் கூடவே பாடிக் காட்டினேன். என் சுருதிக்கு மாற்றி, தனியாகவும் ஒரு தடவை 'விளக்கே' பாடிக் காட்டினேன். அப்போது அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கிச் சுருதிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

மனசு நொந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாளும் காலையும் மாலையும் உழைத்தோம். 'ம்ஹூம். கை இழுக்குது.' 'ம்ஹூம். தோள்.' 'இது தோள் இல்ல, மூச்சு. முன்னாடியே எடுங்க.' ஒவ்வொன்றையும் அவர் நேராக வாங்கிக்கொண்டார். முகம் சுருங்கும், அடுத்த நிமிஷம் திருத்துவார். ஆய்வு வைத்திருக்கிறார்களாம் ஆய்வு. ஐம்பத்து மூன்று வயது மனுஷனை மூன்றாவது 'தப்பு'க்கு ஓடிப்போகும் குழந்தை என்று முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பத்துக்கு ஐந்து முறை தொட்டார். மேடையில் எந்த ஐந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கும் ஒரு வழி இருந்தது. கீர்த்தனையில் பல்லவியை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் பாடலாம். அது வழக்கம். கேட்கிறவர்கள் வரியை விதவிதமாக மாற்றிச் சங்கதி போடுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"நான் முன்வரிசையில உங்களுக்கு நேரா உக்காந்திருப்பேன் அண்ணாச்சி. தொடலைன்னா தலையை ஆட்டுவேன். வெக்கப்படாம வரியைத் திரும்ப எடுங்க. தொட்டுட்டா நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், சும்மா தாளம் போட்டுட்டு இருப்பேன். நீங்க அடுத்த வரிக்குப் போங்க."

"எல்லாருக்கும் முன்னால தலையாட்டுவியளா?"

"உங்களுக்கும் எனக்கும்தான் அது தெரியும். அடுத்தவங்களுக்கு நான் பாட்டுல லயிச்ச மாதிரி இருக்கும்."

விழா அன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் பந்தல் நிரம்பியிருந்தது. அவரை அன்று விரட்டிய குழுத் தலைவர் எண்பது வயதில் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் மேடையேறி உட்கார்ந்தவரின் இடது கை நேராக முழங்காலுக்குப் போயிற்று.

'அலைமேல் விளக்கே.' குறைந்தது. தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் இருபத்தைந்து வயதுப் பையனின் பயம் அந்த முகத்தில் வந்தது. பிறகு கை முழங்காலை விட்டது. திரும்ப எடுத்தார். முக்கால்வாசி. ம்ஹூம், தலையை ஆட்டினேன். கூட்டத்தில் யாரோ 'சங்கதி பாரு' என்றார்கள். மூன்றாம் தடவை உள்ளங்கை மல்லாந்து விரிந்தது. 'விளக்கே' போய் ஸட்ஜத்தில் உட்கார்ந்தது. சுருதிப் பெட்டி எது, அவர் எது என்று பிரிக்க முடியவில்லை.

நான் ஒன்றும் செய்யவில்லை. தாளம் போட்டேன். கண்ணில் மட்டும் நீர் கட்டிக்கொண்டது. அவர் அடுத்த வரிக்குப் போனார்.

பாட்டு முடிந்து இறங்கி வந்தவரைச் சுற்றி ஆட்கள் மொய்த்து அருமை, அபாரம் என்று கையைக் குலுக்கினார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சொல்லுங்க டீச்சர்."

"மூணாவது தடவை தொட்டீங்க. சரணத்துல ஒரு இடம் மறுபடியும் கை இழுத்துச்சு. மத்ததெல்லாம் சரி."

அந்த மனுஷனின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது ஃபாதர் மேடையிலிருந்து மைக் வழியாக என்னைக் கூப்பிட்டார். பாடகரின் டீச்சரும் அதே பாட்டை ஒரு தடவை பாட வேண்டுமாம். எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பில் மறுக்கத் தோன்றவில்லை. போகிற போக்கில் அண்ணாச்சியிடம் விளையாட்டாகச் சொன்னேன். "என் நாற்காலியில உக்காருங்க. நான் தொடலைன்னா நீங்க தலையாட்டுங்க. நியாயம்னா நியாயம்."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகப் போய் உட்கார்ந்தார்.

சுருதிப் பெட்டியை என் ஐந்து கட்டைக்கு ஏற்றினேன். நிறைய நாளுக்குப் பிறகு திறந்த வெளியில், ஹெட்போன் இல்லாமல், முழுக் குரலில் எடுத்தேன். 'அலைமேல் விளக்கே.' சுகமாக இருந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பப் பாடினேன். தலை ஆடியது. அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு, என்னிடம் கேட்டுக்கொண்ட அதே நேர்மையோடு அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்து ஆட்டுகிறாய் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அதன் பிறகுதான் அந்தப் பையனின் தேன் குரல் ஞாபகம் வந்தது. எல்லாப் பாதையிலயும் விட்டுட்டோம் மேம்.

எல்லாப் பாதை என்றால், என் ஹெட்போனில் எனக்கே கேட்கிற என் குரலும்தான். இரண்டு வருஷமாக நான் பாடிய சாதகம் எதையும் நான் கேட்டதே இல்லை. இந்த மனுஷனின் காதிலோ இரண்டு வருஷமாகத் திருத்திய ஸட்ஜம் விழுந்து விழுந்து, தன் குறை தெரியாவிட்டாலும் அடுத்தவர் குறை தெரிகிற அளவுக்குக் காது தேறியிருக்கிறது. நேற்று முன்தினமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாசியில் அந்தச் சபாவில் பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் யாரும் எந்தக் கருவியும் மாட்டியிருக்கவில்லை. வரிசையாக வந்து, கையைப் பிடித்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு மூன்றாம் தடவை பாடினேன். தலை ஆடியது. நான்காம் தடவையும் ஆடியது. நான் சங்கதி மேல் சங்கதியாகப் போடுகிறேன் என்று பந்தல் முழுக்கக் கை தட்டியது.

அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. மடியில் இருந்த தன் இடது கையை எனக்குத் தெரியும்படி மல்லாக்க விரித்துக் காட்டினார். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். அது சேலையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அவரையே பார்த்தபடி, ஐந்தாம் தடவை வரியை எடுத்தேன்.